கடலைக்காட்டில் ஒரு கற்பித்தல் பயிற்சி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் யாரிடம் கற்பித்தல் பயிற்சிப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். முகம் தொங்கிப்போயிருக்கும். நம் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் வகுப்பெடுப்பது கௌரவமான வேலை. விடுதியைப் பார்த்துக்கொள்வது அதிகாரமான வேலை. மாணவிகளை ஊர் ஊராக அனுப்பி, நிஜமான பள்ளியில் நிஜமான பிள்ளைகளுக்கு ஒரு மாதம் பாடம் நடத்தவைத்து, அது அவர்களுடைய தேர்வில் சேரும்படி பார்த்துக்கொள்வது இருக்கிறதே, அது மட்டும் யார் தலையிலாவது கட்டப்படுகிற வேலை. என் தலையில் கட்டினார்கள். ஓய்வு பெறும்வரை நான் அதை இறக்கிவைக்கவில்லை. பிடித்துப்போய்விட்டது.

தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் போட்டால் முடிந்தது, இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். கடிதம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடிதம் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகும், ஊருக்குப் போகாது. ஒரு எல்லைக் கல்லுக்கு முன்னால் வெயிலில் நிற்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன். மற்றதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது, தூக்கம் வராத நாளில் படித்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு பஸ்கள் ஓடிய வருஷங்கள். அந்த வருஷமும் வழக்கம்போல மாணவிகள் எல்லாருக்கும் சேலம் டவுன் பள்ளிகளிலேயே இடம் பேசி வைத்திருந்தேன். பனி இறங்கும் நேரத்தில் டவுனில் எலிகள் செத்து விழ ஆரம்பித்தன. பிளேக். அந்த வார்த்தையைக் கேட்டதும் கடைவீதி காலியாகிவிட்டது. வசதியுள்ளவர்கள் உறவுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். மற்றவர்கள் டவுனுக்கு வெளியே கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். பள்ளிகளையெல்லாம் மூடிவிட்டார்கள். நாங்களும் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு சூரமங்கலத்தில் ஒரு காலி வீட்டுக்குக் குடிபோனோம்.

நான் பேசி வைத்த இடமெல்லாம் ஒரே வாரத்தில் போய்விட்டது. பயிற்சி மாதம் இல்லாமல் யாரும் தேற முடியாது. அங்கீகாரம் பெற்ற பள்ளியாக இருக்க வேண்டும், பயிற்சி பெற்ற தலைமையாசிரியை மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்பது விதி. மற்ற மாணவிகள் தங்கள் சொந்த ஊர்ப் பக்கம் ஆளுக்கொரு பள்ளியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியவள் ஹமீதா.

சேலம் கோட்டைப் பக்கத்துத் தெருவில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள் அவள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் காரியமாகத்தான் பேசுவாள். அவர்கள் தெருவில் பெண்பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் பள்ளி இருந்தது. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பாவும் இன்னும் சில வியாபாரிகளும் சேர்ந்து நடத்தினார்கள். அங்கே இருந்த டீச்சர் கல்யாணமாகிப் போய்விட்டாள். அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது பயிற்சி பெற்ற ஆசிரியை இல்லையென்றால் அங்கீகாரத்தை எடுத்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பள்ளி மூடிவிட்டால் தெருப் பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிடுவார்கள். பெண்பிள்ளைகளை வேறு தெருவுக்கு அனுப்பிப் படிக்கவைக்கிற வழக்கம் அங்கே இல்லை. ஹமீதா அந்த வருஷமே தேறியாக வேண்டும், அவ்வளவுதான்.

அவளுடைய அத்தா என்னைப் பார்க்கச் சூரமங்கலத்துக்கு வந்தார். நல்ல மனிதர். ஆனால் அன்றைக்கு என் பொறுமையைச் சோதித்துவிட்டார்.

“சர்டிபிகேட் வேணும்தாம்மா, இல்லேங்கலை. ஆனா புள்ளை ஊரைத் தாண்டிப் போகக் கூடாது.”

“ஊருக்குள்ள ஒரு பள்ளிக்கூடமும் இல்லைங்களே. எல்லாத்தையும் மூடியாச்சே.”

“அதான் என்ன செய்யலாம்னு உங்களைக் கேக்குறேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் ஹமீதா கதவோரமிருந்து பேசினாள். “அத்தா, நான் போகலைன்னா நம்ம தெருப் புள்ளைங்க எங்கே போகும்?”

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, “மாமியைக் கூட்டிட்டுப் போ” என்று சொல்லிவிட்டுப் போனார். மாமி என்றது அவருடைய அக்காவை. அந்த அம்மாளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெற்றிலைப் பெட்டியும், பாக்கு இடிக்கும் உரலும், முணுமுணுப்புமாக அவர் பஸ் ஏறினார்.

நான் பிடித்து வைத்திருந்தது மல்லசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண்கள் பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். தலைமையாசிரியை என்னோடு பயிற்சி படித்தவள். ஊரில் அவளைப் பெரிய டீச்சர் என்பார்கள். என் கடிதத்துக்கு உடனே பதில் போட்டிருந்தாள், தாராளமாக அனுப்பு என்று. அந்தத் தைரியத்தில்தான் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வண்டித்தடத்தில் நடந்து ஊர் எல்லைக் கல்லை எட்டும்போது, அங்கே பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவள் பாவாயி. நடுத்தர வயது, நல்ல உயரம், கையில் ஒரு கோல். பெரிய டீச்சர் அவர்களுக்குப் பின்னால் நின்று எனக்கு ஏதோ ஜாடை காட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“அக்கட்டாலயே நில்லுங்க” என்றாள் பாவாயி, கோலை நீட்டி எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லி. “எந்த ஊருங்க?”

“சேலம்.”

“எலி செத்து உழுகற ஊருங்களா?”

“நாங்க ஊசி போட்டுக்கிட்டுத்தான் வந்திருக்கோம்.”

“ஊசி உங்களுக்குப் போட்டாங்க. எங்களுக்குப் போடலீங்களே.”



“ஒறம்பரையா இருந்தாலும் பத்து நாளு வெளியிலதானுங்க” என்று அவள் தொடர்ந்தாள். “எங்களுக்கு மட்டும் ஆசையா? போன மாசம் என்ற தம்பி வந்தான். அவனையே காட்டுச் சாளையில இருக்க வெச்சுத்தான் ஊட்டுக்குள்ள உட்டேன். சோறு கொண்டாந்து வரப்புல வெச்சுட்டு ஒதுங்கிக்குவேன்.”

அங்கெல்லாம் உறவுக்காரர்களை ஒறம்பரை என்பார்கள், மானாவாரி நிலத்தைக் காடு என்பார்கள். காட்டுக்குள் இருக்கும் குடிசை சாளை. அம்மை, காலரா, பிளேக் எது வந்தாலும் அந்தப் பக்கத்து ஊர்களில் இதுதான் வழக்கம் என்று பெரிய டீச்சர் எனக்குப் பிறகு சொன்னாள். முன்னாலேயே சொல்லியிருக்கலாம். கேட்காதவள் நான்தான்.

எனக்குக் கோபமாக வந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. மாமி அதற்குள் மூட்டையைத் தூக்கிக்கொண்டார். ஹமீதா மட்டும் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்தச் சாளையில நாங்க இருந்துக்கலாங்களா?” என்று கேட்டாள்.

பாவாயி இதை எதிர்பார்க்கவில்லை. “தேளு கீளு இருக்கும் அம்மிணி.”

“உங்க தம்பியைக் கடிச்சுதா?”

“இல்லீங்க.”

“அப்ப எங்களையும் கடிக்காது.”

மாமியின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கும் கவலைதான். பத்து நாள் பள்ளிக்குள்ளேயே நுழைய முடியாது என்றால் மாதக் கணக்கு எப்படித் தேறும்? பிளேக் ஊருக்குத் திரும்பக் கூட்டிப்போனாலோ கணக்கே இல்லை. பெண்ணே தீர்மானித்துவிட்டபோது நான் குறுக்கே நிற்க வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தேன். திரும்பி வரும் பஸ் மேட்டில் ஏறாமல் எல்லாரையும் இறக்கித் தள்ளவிட்டார்கள். தள்ளிக்கொண்டே அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நிஜமாகவே அழுதேன்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். எல்லைக் கல்லருகில் பாவாயி வீட்டு ஆள் என்னை நிறுத்தி, ஊர்ப் பக்கம் வராமல் காட்டு வழியாகவே சாளைக்குப் போகச் சொன்னார். செம்மண் காடு. நிலக்கடலை அறுவடை நேரம். பெரியவர்கள் செடியைப் பிடுங்கிப் போட, பிள்ளைகள் வரப்பு ஓரம் வரிசையாக உட்கார்ந்து செடியிலிருந்து காயை ஆய்ந்து கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்புக்கு இந்தப் பக்கம், சாளைக்கு முன்னால், தரையில் கட்டில் அகலத்துக்கு வெள்ளையாக ஏதோ கிடந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ‘மா’ என்ற எழுத்து.

அந்தக் காடுகளில் வெங்கச்சங்கல் என்று ஒரு வெள்ளைக் கல் நிறையக் கிடைக்கும். உழுகிறபோது கொழுவில் தட்டுகிற கல். ஹமீதா அவற்றைப் பொறுக்கிச் செம்மண்ணில் எழுத்தாக அடுக்கியிருந்தாள். பிள்ளைகள் அவள் பக்கத்தில் வரக் கூடாது, அவளும் வரப்பைத் தாண்டக் கூடாது. கரும்பலகை இல்லை. கத்திப் பேசினால் காற்று கொண்டுபோய்விடும். ஆகவே எழுத்தை இவ்வளவு பெரிதாகப் போட்டுவிட்டாள். பிள்ளைகள் அந்தப் பக்கம் கடலைக்காயை அடுக்கி அதே எழுத்தைப் போட்டுக் காட்டினார்கள். சரியென்றால் கையைத் தூக்குவாள். தப்பென்றால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பாள். அவ்வளவுதான் பாடம்.

முதல் நாள் பாவாயி சண்டைக்கு வந்தாளாம், பிள்ளைகள் கை நின்றுபோகிறது என்று. கூடை நிறைந்த பிறகுதான் அடுத்த எழுத்து என்று ஹமீதா சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு கூடைகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் நிறைய ஆரம்பித்தன. பாவாயி சண்டையை விட்டுவிட்டாள்.

ஹமீதா ஒரே ஒரு தவறு செய்தாள். அதை மாமிதான் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, சிரிப்பை அடக்க முடியாமல் எனக்குச் சொன்னார். எழுத்துகளோடு பெயர்களுக்கும் வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயராக அடுக்கி, கலைத்து, அடுத்த பெயர். பாவாயிக்கும் ஆசை வந்துவிட்டது. தன் பெயர் வேண்டாமாம், வீட்டுக்காரர் பெயர் வேண்டுமாம்.

“பேரு என்னங்க?” என்று கேட்டிருக்கிறாள் ஹமீதா.

பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் ஏது? பிள்ளைகள்தான் அந்தப் பக்கமிருந்து ஒரே குரலாக, “செங்கோடன்! செங்கோடன்!” என்று கத்தினார்கள். ஹமீதா இருந்த கல்லையெல்லாம் போட்டு, சாளைக்கு வரும் வண்டித்தடத்துக்குக் குறுக்கே நீளமாக அடுக்கிக் காட்டினாள். பாவாயி நின்று நின்று பார்த்தாள். மறுநாள் பாடத்துக்காகக் கல்லைக் கலைக்கப் போனபோதுதான் வம்பு.

“ஐயோ, அவிய பேரைக் கலைக்கலாமுங்களா அம்மிணி?”

கலைக்க விடவில்லை. மிதிக்கவும் விடவில்லை. செங்கோடன் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து, தடத்தில் யார் கல்லைப் போட்டது என்று கத்தினாராம். விஷயத்தைச் சொன்னதும் கல்லைச் சுற்றி மாட்டை ஓட்டிக்கொண்டு போனாராம். அதற்குப் பிறகு ஊரில் எல்லாரும் அந்த இடத்தில் சுற்றித்தான் போனார்கள். ஹமீதா பாடத்துக்கு வேறு கல் தேடிக் காடு முழுக்க அலைந்தாள்.

பத்து நாள் முடிந்தது. ஹமீதாவையும் மாமியையும் ஊருக்குள் விட்டார்கள். உள்ளே போனால் பள்ளிக்கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. பெரிய டீச்சர் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள். என்னைத்தான் இன்னும் விடவில்லையே! நான் ஒவ்வொரு தடவையும் சேலத்துப் பக்கமிருந்து வருகிறவள்.

“கடலைக்காய் முடியற வரைக்கும் ஒரு கொழந்தையும் வராது. இப்ப பள்ளிக்கூடத்துல நானும் அடிக்கற மணியும்தான் இருக்கறோம். ஒண்ணு செய்யறேன். பள்ளிக்கூடத்துக்குள்ளயே நடந்ததுன்னு எழுதி உட்டர்றேன். யாரு வந்து பாக்கறா?”

சிநேகிதி என்ற உரிமையில் சொன்னாள். கெட்ட எண்ணம் இல்லை. நீங்களும் இந்தப் பொறுப்பில் இருக்கும்வரை இப்படி யாராவது அன்போடு உங்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். எனக்கும் ஒரு நிமிஷம் ஆசை எட்டிப்பார்த்தது. ஆனால் பிறகு தெரிந்துபோனால் போவது என் பெயர் மட்டுமா? ஹமீதாவின் சர்டிபிகேட்டும் போகும், அந்தத் தெருப் பள்ளியும் போகும். அதோடு, காட்டில் நடந்ததைப் போல ஒரு பாடத்தை நான் எந்தக் கட்டடத்திலும் பார்த்ததில்லை. அதை எதற்காக மறைக்க வேண்டும்? எனக்கு அப்படி மறைப்பதுதான் அவமானமாக இருந்தது.

“காட்டுல நடக்குதுன்னே எழுது” என்றேன். “நீ நாற்காலியைத் தூக்கிக்கிட்டு அங்கே போய் உக்காரு. பிள்ளைகள் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தானே. நான் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதறேன்.”

எழுதினேன். அவரே நேரில் வந்து பார்த்துத்தான் முடிவு செய்வார் என்று பதில் வந்தது. பார்க்காமலே தள்ளிவிடவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அவர் வருகிற நாளன்று நான் முதல் பஸ்ஸிலேயே போய்ச் சாளையில் காத்திருந்தேன். வானம் ஒரு தினுசாக இருந்தது. பருவம் தப்பிய மேகம், சங்ககிரிப் பக்கமிருந்து கருக்கலாக ஏறிக்கொண்டு வந்தது. பிடுங்கிப் போட்ட செடி பாதிக் காட்டுக்குக் கிடந்தது, ஆய்ந்த காய் குவியல் குவியலாகக் கிடந்தது. நனைந்தால் முளைத்துப்போகும், அல்லது பூஞ்சணம் பூத்துப்போகும். அந்த வருஷத்து உழைப்பெல்லாம் அங்கே தரையில் கிடந்தது.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா நாமக்கல் பக்கமிருந்து வந்தார். அவரை ஊருக்குள் விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு, பெரிய டீச்சரோடு காட்டுக்கு நடந்து வந்தார். பெரிய டீச்சர் கையில் பள்ளி மணி இருந்தது. வண்டித்தடத்தில் வெள்ளைக் கல்லைப் பார்த்ததும் அந்த அம்மாள் நின்றார். ஆட்கள் கூடையும் தலையுமாக ஓடுகிற அவசரத்திலும் அந்த இடத்தில் மட்டும் விலகிப் போவதைக் கவனித்தார். ஏன் என்று கேட்டார். பெரிய டீச்சர் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அவரும் சுற்றித்தான் வந்தார்.

“இங்கே நடந்ததை நான் தப்புன்னு சொல்லலை” என்றார் என்னிடம். “ஆனா பள்ளிக்கூடத்துக்குள்ள, வகுப்பா உக்காரவெச்சு, ஒரு பாடமாவது நான் பார்க்கணும். பார்க்காம கையெழுத்துப் போட முடியாது. சாயந்தர பஸ்ஸுக்கு நான் போயாகணும். மறுபடி இந்தப் பக்கம் வர எனக்கு இந்த வருஷம் முடியாது. பிள்ளைகளைக் கூப்பிடுங்க.”

நியாயமான பேச்சு. குறை சொல்ல முடியாது. பெரிய டீச்சர் மணியைத் தூக்கினாள்.

“அடிக்காதீங்க டீச்சர்” என்றாள் ஹமீதா.

எல்லாரும் அவளைப் பார்த்தோம்.

“மழை வரப் போகுது. புள்ளைங்க கை இல்லாம இதை அள்ள முடியாது.”

“அப்ப உன் சர்டிபிகேட்?” என்று கேட்டார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா.

ஹமீதாவின் கண் நிறைந்துவிட்டது. “தெரியலைங்கம்மா. ஆனா நான் கூப்பிட்டா புள்ளைங்க உடனே வந்துடும். அதான் பயமா இருக்கு.”

ஒரு கணம் எனக்கு அவள்மேல் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு பாடுபட்டு இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன், கடைசி நிமிஷத்தில் இவள் கையை விரிக்கிறாளே என்று. அடுத்த கணமே, இவளை விட்டால் எவளுக்கு டீச்சர் வேலை கொடுப்பது என்றும் நினைத்தேன். இரண்டையும் சேர்த்து நினைத்துக்கொண்டு நிற்க நேரம் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குக் காரணம் என்ன? கடலை. கடலையை வீட்டுக்குள் சேர்த்துவிட்டால் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

“அம்மா, நீங்க பள்ளிக்கூடத்துல போய் உக்காருங்க” என்றேன். “நாங்க பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வாரோம்.”

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு கூடையை எடுத்தேன். மாமி, “என் தலையெழுத்து” என்று சொல்லிக்கொண்டே ஒரு கூடையை எடுத்தார். பெரிய டீச்சர் மணியைச் சாளையில் வைத்துவிட்டு வந்தாள். ஹமீதா எங்களுக்கு முன்னாலேயே ஓடிவிட்டாள். பிள்ளைகள் அள்ளிப்போட, நாங்கள் சுமந்தோம். காட்டுக்கும் ஊருக்கும் எத்தனை நடை நடந்தேன் என்று எனக்குத் தெரியாது. கழுத்து இறங்கிப்போயிற்று. பாவாயி தன் வீட்டு வாசலில் நின்று கூடைகளை வாங்கிக்கொண்டிருந்தவள், இடம் போதாமல், “உள்ளயே கொண்டு போய்க் கொட்டுங்க டீச்சர், நடு ஊட்டுல கொட்டுங்க” என்று கத்தினாள். கொட்டினேன்.

கொட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. இத்தனை வாரமாக என்னைக் கல்லுக்கு இந்தப் பக்கம் விடாத பாவாயியின் நடுவீட்டில் நிற்கிறேன். அவளும் அதே நேரத்தில் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். காலிக் கூடையை எடுத்து என் கையில் கொடுத்து, “இன்னும் ஒரு நடை இருக்குதுங்க” என்றாள்.

கடைசிக் கூடை உள்ளே போகவும் முதல் தூறல் விழவும் சரியாக இருந்தது. அப்புறம்தான் பெரிய டீச்சர் மணியை அடித்தாள். அடித்திருக்கவே வேண்டாம், பாவாயியே பிள்ளைகளைத் துரத்திக்கொண்டிருந்தாள். “போங்க சாமி, ஓடுங்க, அக்கா காத்துக்கிட்டு இருக்குது. எந்தக் கழுதையாச்சும் ஊட்டுல நின்னுச்சுன்னா காலை ஒடிச்சுப் போடுவேன்!” மண்ணும் புழுதியுமாக, மடியில் மிச்சக் கடலைக்காயோடு அத்தனை பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். நானும் உள்ளே போய்ப் பின்னால் சுவரில் சாய்ந்துகொண்டேன். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஹமீதா வாயைத் திறந்தாள்.

மழை கொட்டியது. அந்தப் பள்ளிக்குத் தகரக் கூரை. பக்கத்தில் இருப்பவள் கத்தினால்கூடக் காதில் விழவில்லை. எத்தனையோ மாணவிகளைப் பார்த்திருக்கிறேன், குறிப்பேட்டில் எழுதிவந்த முதல் வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் போனால் அப்படியே நின்றுவிடுவார்கள்.

ஹமீதா நிற்கவில்லை. ஒரு பிள்ளையின் மடியிலிருந்து ஒரு கை கடலைக்காயை எடுத்து, தரையில் உட்கார்ந்து வரிசையாக அடுக்கினாள். பன்னிரண்டு காய். நான்கு பிள்ளைகளைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். பங்கு போடு என்று ஜாடை செய்தாள். அன்றைய பாடம் வகுத்தல். வரப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று பழகிய பிள்ளைகளுக்கு அவளுடைய குரலே தேவைப்படவில்லை. எல்லாரும் தரையில் இறங்கி, கூட்டம் கூட்டமாக, காயைப் பிரித்து அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சரியென்றால் கையைத் தூக்கினாள். தப்பென்றால் இடுப்பில் கை. மீதி வந்தால் என்ன செய்வது என்று ஒரு சிறுமி கேட்டாள், கேட்டதும் ஜாடையில்தான். ஹமீதா அந்த மீதிக் காயை உடைத்துப் பருப்பை அவள் வாயில் போட்டாள். வகுப்பே சிரித்தது, அந்தச் சத்தம் மட்டும் மழைக்கு மேல் கேட்டது.

பஸ் நேரம் போய்விட்டது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா எழுந்திருக்கவில்லை. மழை சற்று ஓய்ந்த பிறகு என் பக்கத்தில் வந்து, “வாயைத் திறக்காம ஒரு பாடம் நடத்தி இன்னைக்குத்தான் பார்க்கறேன்” என்றார். “காட்டுல நடந்த நாளையும் சேர்த்துக்குங்க. எல்லா நாளும் கணக்குத்தான்.” கையைக் கூப்பினேன். அன்று ராத்திரி அவரும் நானும் பாவாயி வீட்டில்தான் சாப்பிட்டோம். நடுவீட்டில் கடலைக் குவியல் இருந்ததால் சுவர் ஓரமாக ஒண்டிக்கொண்டு.

ஜூனில் தெருப் பள்ளி திறந்தது, ஹமீதா டீச்சராக. அவளுடைய அத்தா எனக்கு ஒரு புடவை அனுப்பினார். அதோடு, அடுத்த வருஷம் அதே தெருவிலிருந்து இரண்டு பெண்களை நம் பள்ளிக்கு அனுப்பினார், இந்தத் தடவை எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகட்டும் என்று சொல்லி. ஆகவே கடிதம் போடுங்கள், பிறகு நீங்களே ஒரு தடவை பஸ் ஏறிப் போய் வாருங்கள். கிணற்றடியில் நாலு பேரிடம் பேசிவிட்டு வாருங்கள். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

அடுத்த அறுவடை முடிந்த சமயம் ஒருநாள் ஹமீதாவின் வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். டவுனில் பிளேக் பேச்சே இல்லை. திடீரென்று வாசல் படுதாவை விலக்கிக்கொண்டு யாரோ தயங்கி நின்றார்கள். பாவாயி. தலையில் ஒரு கடலை மூட்டை. கடலை விற்கச் சந்தைக்கு வந்தவள், விசாரித்து விசாரித்துத் தெருவைக் கண்டுபிடித்திருக்கிறாள். வெளியே தெருமுனையில் செங்கோடன் வண்டியோடு நின்றார். புதுத் தெரு, புது மனிதர்கள். உள்ளே வரலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

ஹமீதா திரும்பிப் பார்த்தாள். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

“அக்கட்டாலயே நில்லுங்க! எந்த ஊருங்க?”

சின்னப் பிள்ளைகள் மிரண்டுபோய் டீச்சரைப் பார்த்தார்கள். பாவாயி மூட்டையைப் படியில் இறக்கிவைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள்.

“ஊசி போட்டுக்கிட்டுத்தான் வந்திருக்கறேன் அம்மிணி” என்றாள். “உள்ள உடுங்க.”

ஹமீதா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தாள்.